ஜெர்மனிக்கு படிக்க வந்தவங்க வீட்டு ஞாபகம் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் நெய்வேலி பொண்ணு. 2022 அக்டோபர்ல மாஸ்டர்ஸ் படிக்க டார்ட்முண்ட் வந்தேன், படிச்சு முடிச்சு இப்போ இங்கயே வேலை. வருஷா வருஷம் புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்க முதல்ல விசா, பிளாக்ட் அக்கவுண்ட் (செலவு காச முன்னாடியே போட்டு மாசா மாசம் கொஞ்சம் எடுக்குற அக்கவுண்ட்), ரூம் இதப் பத்தி தான் கேப்பாங்க. நவம்பர் பாதி தாண்டினதும் ராத்திரி பதினோரு மணிக்கு வேற மாதிரி மெசேஜ் வரும், "அக்கா தூங்கிட்டீங்களா, உங்களுக்கும் இப்படி இருந்துச்சா"ன்னு. அந்த மெசேஜுக்கெல்லாம் தனித்தனியா சொன்னத ஒரே இடத்துல எழுதிடலாம்னு தோணுச்சு.

எல்லாருக்கும் இப்படி வருமா, இல்ல நான் மட்டும் தான் வீக்கா இருக்கேனா?

எல்லாருக்கும் வரும். எட்டாவதுல இருந்து ஹாஸ்டல்ல இருந்தவன், எனக்கென்ன பழக்கம் தானேன்னு வந்தவன் கூட என் கிச்சன்ல உக்காந்து அழுதிருக்கான். ஊருக்குள்ள ஹாஸ்டல்னா ராத்திரி பஸ் ஏறுனா காலையில வீட்டு வாசல்ல நிக்கலாம், அந்த ஒரு தைரியம் எப்பவும் உள்ள இருக்கும், இங்க அது இல்ல.

வந்த உடனே வராது, அதையும் தெரிஞ்சுக்கோங்க. முதல் மூணு நாலு வாரம் அன்மெல்டுங் (அட்ரஸ் பதிவு பண்றது), பேங்க், இன்சூரன்ஸ், சிம் கார்டுன்னு ஓடிட்டே இருப்பீங்க, ஊர் பத்தி நினைக்கவே நேரம் இருக்காது. எல்லா பேப்பரும் முடிஞ்சு ரூம் செட் ஆனதுக்கு அப்புறம் தான் அது வந்து உக்காரும். எனக்கு ஏர்போர்ட்ல கண்ணுல தண்ணியே வரல. ஆறு வாரம் கழிச்சு ஒரு நாள் இட்லி பொடி எடுக்க ஹார்லிக்ஸ் பாட்டில திறந்தேன், அம்மா அதுல பேப்பர் ஒட்டி "பாப்பா, நல்லெண்ணெய் ஊத்திக்கோ, அப்படியே சாப்பிடாத, வயிறு எரியும்"னு பேனாவுல எழுதியிருந்தாங்க, ஒரு மூலையில மஞ்சக்கறை கூட அப்படியே இருந்துச்சு. தினமும் பார்க்குற பாட்டில் தான் அது. அன்னைக்கு ஏன்னு தெரியல, அதக் கையில வச்சுக்கிட்டு தரையிலேயே உக்காந்துட்டேன்.

சாயங்காலம் ஆனா தான் ரொம்ப கஷ்டமா இருக்கு, ஏன்?

இதுக்கு காரணம் பாதி மனசு, பாதி கடிகாரம். ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் நமக்கும் இந்தியாவுக்கும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை இங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளிடுவாங்க, அன்னையில இருந்து நாலரை மணி நேரம் ஆயிடும். நீங்க லேப் முடிச்சு ஆறு மணிக்கு ரூமுக்கு வந்து போன எடுத்தா அங்க பத்தரை, அம்மா தூங்க போயிருப்பாங்க. அதே நேரம் பார்த்து இருட்டும் வந்துடும், டிசம்பர்ல டார்ட்முண்ட்ல நாலரைக்கு முன்னாடியே சூரியன் போயிடும், காலையில எட்டரை வரைக்கும் வெளிச்சம் இருக்காது. வருஷம் பூரா ஆறு மணிக்கு விடியுற ஊர்ல வளந்த உடம்புக்கு இது பெரிய அடி, உங்க மேல எந்த தப்பும் இல்ல.

நான் பண்ணது, கால் டைம காலையில மாத்திட்டேன். இங்க ஏழரைன்னா அங்க பன்னெண்டு, அம்மா சமையல் பண்ணிட்டு இருப்பாங்க, போன மேடையில சாய்ச்சு வச்சுட்டு பேசுவாங்க, கடுகு வெடிக்குற சத்தம் கேக்கும், நான் பல் தேய்ச்சுட்டு கிளம்பிட்டே பேசுவேன். பத்து நிமிஷம் தான். ஆனா ராத்திரி ஒரு மணி நேரம் பேசிட்டு போன வச்சதும் ரூம் திடீர்னு அமைதியாகுமே, அந்த வெறுமை காலை கால்ல இல்ல. மத்தியானம் கொஞ்சம் வெளிச்சம் இருக்குறப்போ இருபது நிமிஷமாவது வெளிய நடங்க, மழையா இருந்தாலும். வைட்டமின் டி டெஸ்ட் பண்ணிக்கலாமான்னு டாக்டர்கிட்ட ஒரு தடவை கேளுங்க.

ஞாயித்துக்கிழமை பைத்தியம் பிடிக்குது, என்ன பண்றது?

இங்க ஞாயித்துக்கிழமை கடைங்க எல்லாம் மூடணும்னு சட்டமே இருக்கு, பெரிய ஸ்டேஷன்ல இருக்குற கடை, பேக்கரி மாதிரி சிலது தான் திறந்திருக்கும். ரோட்டுல ஆளே இருக்காது. நம்ம ஊர்ல ஞாயித்துக்கிழமைன்னா கறிக்கடை கூட்டம், டிவி சத்தம், மத்தியானம் தூக்கம், சொந்தக்காரங்க. அதனால அன்னைக்கு வீடு ஞாபகம் வராம இருந்தா தான் ஆச்சரியம். சனிக்கிழமையே சாமான் வாங்கி வச்சுடுங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு ஒருத்தர சாப்பிட கூப்பிட்டுடுங்க. ஒருத்தர் வர்றாங்கன்னாலே காலையில எழுந்து குளிப்பீங்க, ரூம பெருக்குவீங்க, கோழி வாங்கி வச்சிருப்பீங்க. எனக்கு முதல் குளிர்காலத்த தாண்ட வச்சது இது தான்.

வீட்டுல கேட்டா "நல்லா இருக்கேன்"னு தான் சொல்றேன். உண்மைய சொல்லணுமா? பாவம் கவலைப்படுவாங்களே?

இந்த கேள்விக்கு தான் நான் ரொம்ப நேரம் எடுத்துக்குவேன், ஏன்னா நான் இதுல பெரிய தப்பு பண்ணேன்.

எங்க அம்மா தினமும் முதல்ல கேக்குறது "சாப்டியா?" நானும் தினமும் "சாப்டேன்மா"ன்னு சொல்லிடுவேன், பிரட்ட மென்னுட்டு படுத்த நாள்லயும் சொல்லியிருக்கேன். "என்ன சாப்பிட்ட"ன்னா "சாதம், ரசம்"னு சொல்லிடுவேன். லோன் போட்டு அனுப்பி வச்சிருக்காங்க, அப்பாவுக்கு ரிட்டையர்மெண்ட் நெருங்குது, இதுல நான் அழுதா என்ன ஆகும்னு ஒரு பயம். அப்படியே ஜனவரி வரைக்கும் ஓட்டுனேன்.

பிப்ரவரில கடைசி எக்ஸாம் முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் அப்பா போன் பண்ணி, தாத்தா மூணு வாரமா கடலூர்ல ஆஸ்பத்திரில இருக்காரு, உனக்கு பரீட்சைன்னு சொல்லலன்னாரு. அந்த மூணு வாரமும் நான் தினமும் "தாத்தா எப்படிம்மா இருக்காரு"ன்னு கேட்டிருக்கேன், அவங்களும் தினமும் "நல்லா இருக்காரு, தூங்குறாரு"ன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல, கத்திட்டேன். அப்பா எதிர்த்து ஒண்ணும் பேசல. அம்மா போன வாங்கி மெதுவா கேட்டாங்க, "நீ மட்டும் எல்லாத்தையும் சொல்றியா பாப்பா? உன் குரல் எனக்கு தெரியாதா?"ன்னு.

அன்னைக்கு ராத்திரி அங்க விடியுற வரைக்கும் பேசுனோம். நான் டிசம்பர் முழுக்க எப்படி இருந்தேன்னு சொன்னேன், அவங்க லோன் வட்டி, தாத்தா ரிப்போர்ட், அப்பாவோட சுகர் எல்லாம் சொன்னாங்க. இனிமே ரெண்டு பக்கமும் எதையும் மறைக்கக் கூடாதுன்னு பேசி வச்சுக்கிட்டோம். அவங்க கவலைப்பட்டாங்க தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடியும் கவலைப்பட்டுட்டு தான் இருந்திருக்காங்க, என்ன ஏதுன்னு தெரியாம பட்டிருக்காங்க, அது இன்னும் கொடுமை. சொல்றதுக்கு ஒரு வழி இருக்கு, அழுதுட்டு இருக்குறப்போ போன் பண்ணி எல்லாத்தையும் கொட்டிட்டு வச்சுடாதீங்க, நீங்க தூங்கிடுவீங்க, அவங்க தூங்க மாட்டாங்க. கொஞ்சம் தெளிஞ்சதும் "நேத்து ரொம்ப கஷ்டமா இருந்துச்சும்மா, இன்னைக்கு பரவாயில்ல"ன்னு சொல்லுங்க. அதே மாதிரி கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்டுல சொல்லி வைங்க, வீட்டுல யாருக்கு என்ன ஆனாலும் எக்ஸாம்னு பார்க்காம எனக்கு சொல்லிடணும்னு.

அப்படி கெட்ட செய்தி வந்து, போகவும் முடியலன்னா?

தாத்தா மார்ச்ல போயிட்டாரு. நான் டிக்கெட் பார்த்தேன், எந்த ஃப்ளைட் புடிச்சாலும் உடம்ப எடுக்குறதுக்கு முன்னாடி போய் சேர முடியாது. சித்தப்பா பையன் வீடியோ கால் போட்டான், பந்தல், ஷாமியானா, பறை சத்தம், படம் நின்னு நின்னு வந்துச்சு, கடைசியா வாய்க்கரிசி போடுறப்போ கட் ஆயிடுச்சு. இங்க விடியக்காலம், ஜன்னலுக்கு வெளிய குப்பை வண்டி வந்து தொட்டிய தூக்கிட்டு இருந்துச்சு.

இதுக்கு ஆறுதல் சொல்ற வார்த்தை என்கிட்ட இல்ல. ஒண்ணு மட்டும் சொல்வேன், அந்த காலை தனியா பார்க்காதீங்க, எந்த நேரமா இருந்தாலும் பக்கத்து ரூம் கதவ தட்டுங்க. என் வேகேல, அதாவது நாலு பேர் சேர்ந்து தங்குற வீட்டுல, ஒரு ஜெர்மன் பொண்ணு இருந்தா, அதுவரைக்கும் ஹலோவோட சரி. அன்னைக்கு பக்கத்துல வந்து உக்காந்து கூடவே அந்த போன பார்த்துட்டு இருந்தா, ஒரு கேள்வி கேக்கல. அப்புறம் டீ போட்டு கொண்டு வந்தா. புரொஃபஸருக்கும் ஒரு மெயில் போட்டுடுங்க, வீட்டுல சாவுன்னா பெரும்பாலும் சப்மிஷன் தேதி தள்ளி குடுப்பாங்க, கேக்க சங்கடப்பட வேணாம்.

சாப்பாடு தான் பெரிய பிரச்சனையே. எப்படி சமாளிக்கிறது?

மத்தியானம் மென்சால சாப்பிடுங்க. யுனிவர்சிட்டி கேன்டீன் தான், ஸ்டூடண்ட் விலையில சூடா கிடைக்கும், சைவமும் இருக்கும், உப்பு காரம் நம்ம நாக்குக்கு பத்தாது, ஒரு சின்ன டப்பால ஊறுகாயோ பொடியோ பையில வச்சுக்கோங்க. ராத்திரிக்கு சமைங்க, தெரியலன்னாலும் கத்துக்கோங்க. நான் சாதம் வடிக்க கூட தெரியாம தான் வந்தேன்.

இட்லி மாவு புளிக்கலன்னு வருஷத்துக்கு பத்து பேராவது கேப்பாங்க. குளிர்ல வெளிய வச்சா ரெண்டு நாள் ஆனாலும் அப்படியே கிடக்கும். ஓவன்ல சூடு போடாம உள்ள இருக்குற லைட்ட மட்டும் போட்டு, பாத்திரத்த மூடி ராத்திரி முழுக்க உள்ள வைங்க, காலையில பொங்கி நிக்கும். பொங்கி வழியும்னு அடியில ஒரு தட்டு வச்சுடுங்க. தாளிக்கும்போது ரூம் கதவ மூடிட்டு கிச்சன் ஜன்னல திறங்க, மிளகாய் வத்தல் புகைக்கு ஸ்மோக் அலாரம் அடிச்சிடும், சில ஹாஸ்டல்ல ஃபயர் சர்வீஸ் வண்டியே வந்துடும், பில் உங்க தலையில விழலாம்.

ஊர்ல இருந்து வரும்போது பொடி வகை, புளி, வத்தல், அப்பளம் எடுத்துட்டு வாங்க. நெய், பால் சாமான், கறி இதெல்லாம் வெளிநாட்டுல இருந்து ஐரோப்பாவுக்குள்ள கொண்டு வரக் கூடாது, பிடிச்சா தூக்கிப் போட்டுடுவாங்க, பாட்டி காய்ச்சி குடுத்த நெய் குப்பைக்கு போறத பார்த்துட்டு நிக்கணும். பச்சை கறிவேப்பிலையும் சர்டிஃபிகேட் இல்லாம கூடாது.

பக்கத்துல நம்ம ஆளுங்க, கோயில் எதாவது இருக்கா?

இருக்கு, அதுவும் நீங்க நினைக்குறத விட நிறைய. டார்ட்முண்ட சுத்தி இருக்குற இந்த ரூர் பகுதில எந்த ஊர்ல இறங்குனாலும் தேடிப்பார்த்தா ஒரு ஈழத் தமிழர் கடை கிடைக்கும், 1983க்கு அப்புறம் இலங்கையில இருந்து தப்பிச்சு வந்தவங்க ஊன்றுன கடைங்க. முருங்கைக்காய், கத்திரிக்காய், சிவப்பு அரிசி மாவு எல்லாம் இருக்கும்.

ஹாம் ஊர்ல ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு, 2002ல கும்பாபிஷேகம் பண்ணது, கோபுரத்தோட முழுசா நம்ம ஊர் கோயில் மாதிரியே கட்டுனது. டார்ட்முண்ட்ல இருந்து ரயில்ல அரை மணி நேரம் கூட ஆகாது, அப்புறம் ஊன்ட்ராப்ங்கிற பகுதிக்கு பஸ். ஸ்டூடண்ட்ஸுக்கு குடுக்குற செமஸ்டர் டிக்கெட்டே போதும். கோயில் இருக்குறது ஃபேக்டரிங்க நடுவுல, பக்கத்துலயே பவர் பிளான்ட். பஸ்ஸ விட்டு இறங்கி அத பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைச்சிடுச்சு, நெய்வேலில எங்க குவார்ட்டர்ஸ் மொட்டை மாடில நின்னா தெரியுறது அதே புகைக்கூண்டு தான். எங்க சுரங்கத்துல மண்ண வெட்டுற ராட்சச சக்கர மெஷினே ஜெர்மன் டெக்னாலஜின்னு அப்பா சின்ன வயசுல காட்டியிருக்காரு. இந்த ரூர் பகுதியும் கரி வெட்டியே வளந்த ஊருங்க தான், கடைசி சுரங்கத்த 2018 டிசம்பர்ல மூடிட்டாங்க. அந்த கோயிலுக்கு போயிட்டு வந்ததுக்கு அப்புறம் இது எனக்கு முழுசா அந்நிய ஊரா தெரியல. கோடையில தேர் இழுக்குறப்போ போங்க, ஐரோப்பா முழுக்க இருந்து ஆயிரக்கணக்குல வருவாங்க, காவடி, பால்குடம், தண்ணிப்பந்தல் எல்லாம் இருக்கும்.

ஈழத் தமிழர் கடைக்கார ஐயா ஒருத்தர் பத்தி சொல்லணும். முதல் தடவை போனப்போ "பிள்ளை எங்க இருந்து வந்தனீங்கள்?"னு கேட்டாரு. நெய்வேலின்னேன். பேச்சு போய், எனக்கு வீட்டு ஞாபகமாவே இருக்குன்னு சொல்லிட்டேன். அவர் பில் போட்டுட்டே சொன்னாரு, "நான் வரேக்க எனக்கு இருபது வயசு. அம்மாவ திரும்பப் பார்க்க பதினேழு வருஷம் போச்சுது. கடிதம் தான், அதுவும் வந்தா வந்த மாதிரி." குரல்ல குறை எதுவும் இல்ல. எனக்கு தான் என்ன சொல்றதுன்னு தெரியல. அவர் உடனே, "அதுக்காக உங்கட கவலை சின்னதெண்டு இல்லை பிள்ளை"ன்னு சொல்லி, பையில ரெண்டு மாம்பழத்த காசு வாங்காம போட்டாரு. எனக்கு முன்னாடி இந்த குளிர்ல இதே ஏக்கத்தோட நடந்தவங்க இருந்திருக்காங்கன்னு அப்போ தான் உறைச்சுது.

தமிழ் பசங்களோட மட்டுமே இருந்துட்டா போதாதா?

முதல் ரெண்டு மாசத்துக்கு அவங்க தான் உயிர், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அதோட நின்னுட்டா ஊரே அந்நியமா இருக்கும், டிராம்ல ரெண்டு பாட்டி பேசிட்டு போறது கூட நம்மள பத்தி தானோன்னு தோணும். ஜெர்மன் கத்துக்கோங்க, கிளாஸ் இங்கிலீஷ்ல நடந்தாலும். பேக்கரில தப்பு தப்பா கேட்டு ரொட்டி வாங்குன அன்னைக்கு எனக்கு டிகிரி வாங்குன மாதிரி இருந்துச்சு. ஒரு ஆள நினைச்சுப்பேன், சீகன்பால்கு. ஹாலேங்கிற ஊர்ல படிச்ச ஜெர்மன்காரர், 1706ல தரங்கம்பாடிக்கு வந்து இறங்குனப்போ அவருக்கு தமிழ் தெரியாது. கத்துக்கிட்டு, தமிழ்லயே புத்தகம் அச்சடிக்கிற அளவுக்கு போனாரு. எங்க கடலூர்ல இருந்து கடற்கரையோரமா தெக்க போனா தரங்கம்பாடி, அந்த வெயில் அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சா இந்த குளிர் கொஞ்சம் தாங்கும்.

லோன் ஞாபகம் வந்தா தூக்கமே வரல. பார்ட் டைம் வேலை அதிகமா எடுத்துக்கலாமா?

பிளாக்ட் அக்கவுண்ட்ல வருஷத்துக்கு 11,904 யூரோ காட்ட சொல்றாங்க, மாசம் 992 யூரோ கைக்கு வரும், அது வீட்டுக்காரங்க கடன் வாங்கி போட்ட காசுன்னா ஒவ்வொரு காபிக்கும் ரூபாய் கணக்கு போடத்தான் செய்வோம். 2024 மார்ச்ல இருந்து நம்மள மாதிரி ஸ்டூடண்ட்ஸ் வருஷத்துக்கு 140 முழு நாள், இல்ல 280 அரை நாள் வேலை பார்க்கலாம். பாருங்க, வேணாம்னு சொல்லல, வேலைக்கு போனா நாலு மனுஷங்க பழக்கமும் ஆகும். ஆனா முதல் செமஸ்டர்லயே வேர்ஹவுஸ் நைட் ஷிஃப்ட் எடுத்துட்டு, பகல்ல தூங்கி, வெளிச்சமே பார்க்காம, பரீட்சைய கோட்டை விட்டவங்கள பார்த்துட்டேன். முதல் குளிர்காலம் வாரத்துக்கு பத்து மணி நேரத்துக்கு மேல வேணாம். இது என் அபிப்பிராயம்.

பேப்பர் போயிடுச்சு. வீட்டுல எப்படி சொல்றது?

இங்க 1.0 தான் டாப், 4.0 வந்தா பாஸ், 5.0 ஃபெயில், முதல்ல வீட்டுல இத புரிய வைக்கணும். ஒரு பேப்பர் போறது இங்க ரொம்ப சாதாரணம், காலேஜ்ல டாப்பரா இருந்தவங்களுக்கும் போகும். ஒரே பேப்பருக்கு எத்தனை அட்டெம்ப்ட்னு மட்டும் உங்க கோர்ஸ் ரூல்ஸ்ல பார்த்துடுங்க, பல இடத்துல மூணு தான், அதுக்கு மேல போனா அந்த கோர்ஸே போயிடும். அதனால ரெண்டாவது தடவைக்கு முன்னாடி கோர்ஸ் அட்வைஸர போய் பாருங்க. வீட்டுல சொல்லிடுங்க.

பொங்கல் தீபாவளிக்கு என்ன பண்ணுவீங்க?

தீபாவளி செமஸ்டர் ஆரம்பத்துல வந்துடும், எல்லாரும் சேர்ந்து கொண்டாடிடுவாங்க. பொங்கல் தான் ஜனவரில பரீட்சைக்கு படிக்கிற நேரத்துல மாட்டும், லீவும் கிடையாது. நாங்க கிளாஸ் முடிஞ்சு சாயங்காலம் ஏழு மணிக்கு எலக்ட்ரிக் அடுப்புல வைப்போம். மஞ்சள் கொத்து கிடைக்காது, கடையில இஞ்சி பக்கத்துல குச்சி குச்சியா மஞ்சள் கிழங்கு இருக்கும், அத நூல்ல கட்டிடுவோம். நேரம் தப்பு, திசை தப்பு, பால் பொங்குறது மட்டும் சரியா பொங்கும்.

இது ஹோம்சிக் தானா, இல்ல அதுக்கு மேல ஏதாவதா? எப்படி தெரியும்?

ஒரு நல்ல சாப்பாடு, ஒரு நல்ல நாள் வந்தா கொஞ்சம் விலகுதுன்னா அது வீட்டு ஞாபகம். ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் மனசு ஒட்டல, தூக்கம் போச்சு இல்ல தூங்கிட்டே இருக்கேன், குளிக்க கூட எழுந்திரிக்க முடியல, செத்துடலாமான்னு தோணுதுன்னா தயவுசெஞ்சு அத ஹோம்சிக்னு ஒதுக்காதீங்க. ஸ்டூடண்ட் சர்வீஸ்லயோ யுனிவர்சிட்டிலயோ கவுன்சிலிங் இருக்கும், பெரும்பாலும் காசு இல்ல, இங்கிலீஷ்ல பேசலாம். நீங்க வழக்கமா பார்க்குற பொது டாக்டர்கிட்டயும் சொல்லலாம், உங்க இன்சூரன்ஸ்ல வரும், ஆனா தெரபிக்கு மாசக்கணக்குல காத்திருக்க வேண்டி வரலாம், அதனால சீக்கிரம் கேளுங்க. ராத்திரி பகல் எந்நேரமும் 0800 1110111ங்கிற மனநல உதவி லைனுக்கு ஜெர்மனிக்குள்ள இருந்து காசு இல்லாம பேசலாம். உயிருக்கு ஆபத்துன்னா 112. இதனால விசா போயிடுமோ, வேலை கிடைக்காதோன்னு பயந்து சொல்லாம இருந்தவங்க இருக்காங்க. டாக்டர் உங்க விஷயத்த வெளிய சொல்லக் கூடாது, அது இங்க சட்டம்.

படிப்ப விட்டுட்டு திரும்பி போயிடலாமா?

போகலாம். அது குத்தம் இல்ல, போனவங்க ரெண்டு பேர எனக்கு தெரியும், நல்லா இருக்காங்க. ஆனா டிசம்பர் ஜனவரி இருட்டுல அந்த முடிவ எடுக்காதீங்க. மே மாசம் வரைக்கும் பாருங்க, ராத்திரி ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அப்பவும் அதே எண்ணம் இருந்தா வீட்டுல உக்காந்து பேசுங்க.

லீவுக்கு ஊருக்கு போயிட்டு வந்தா இன்னும் மோசமாயிடும்னு சொல்றாங்களே?

ஒரு வாரம் மோசமா தான் இருக்கும். ஆனாலும் போயிட்டு வாங்க, பிப்ரவரி மார்ச்ல கிளாஸ் இருக்காது, வெயிலும் இன்னும் கொளுத்த ஆரம்பிச்சிருக்காது. திரும்பி வர்ற அன்னைக்கு ராத்திரி ரூம்ல தனியா பெட்டிய திறக்காதீங்க, வீட்டு வாசனை மொத்தமும் அதுல இருந்து எழும்பும். நான் முதல்ல குக்கர தான் வைப்பேன். போன தடவை வந்து இறங்கி அரிசி கழுவிட்டு இருக்கும்போதே அம்மா கால் வந்துச்சு, அங்க நடுராத்திரி தாண்டியிருக்கும். "சாப்டியா?"ன்னாங்க. "இன்னும் இல்லம்மா, இப்போ தான் குக்கர் வைக்குறேன், அழுகையா வருது"ன்னேன். "சரி, வை, நான் இருக்கேன்"ன்னாங்க. மூணாவது விசில் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல, லைன்லயே இருந்தாங்க.